ராக் ஸ்லைடரா, சைடு ஸ்டெப்பா? கதவுக்கு அடியில் வண்டியைக் காப்பது பற்றிய கேள்வி பதில்

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டியை ராக்கர் பேனல் என்கிறோம். பட்டறைக்காரர்கள் பலர் அதைச் சுருக்கமாக 'சில்' என்பார்கள். பம்பர் நசுங்கினால் போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். சில் நசுங்கினால் வெட்டியெடுத்து வெல்டு வைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டும், அப்படிச் செய்த பிறகும் பழைய உறுதி திரும்புவது அரிது. சைடு ஸ்டெப் என்பது ஏறி இறங்கக் கால் வைக்கும் படி. ராக் ஸ்லைடர் என்பது சில்லை ஒட்டி நீளவாக்கில் ஓடும் கனமான குழாய்ச் சட்டம்; சேஸி எனப்படும் வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து நீளும் கால்கள் அதைத் தாங்கும். இந்தப் பகுதியைக் காப்பது குறித்துச் சென்னையின் ஆஃப்ரோடு நண்பர்கள் அனுப்பிய கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தொகுத்திருக்கிறேன்.

கேள்வி (அண்ணா நகர், மூன்று கதவு மஹிந்திரா தார்): வணக்கம் சார். ஷோரூமிலேயே சைடு ஸ்டெப் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். அது இருக்கும்போது தனியாக ராக் ஸ்லைடர் எதற்கு?

சைடு ஸ்டெப் ஒரு மனிதரின் எடையைத் தாங்கினால் போதும் என்று செய்யப்படுகிறது. ராக் ஸ்லைடரோ வண்டியின் எடையையே தாங்கியாக வேண்டும். வண்டிக்கு அடியில் குனிந்து, ஸ்டெப்பைப் பிடித்திருக்கும் கைகள் எங்கே போய் முடிகின்றன என்று பாருங்கள். பெரும்பாலான ஸ்டெப்புகளில் அவை மெல்லிய தகட்டை மடித்துச் செய்த பிராக்கெட்டுகளாகவே இருக்கும். பல வண்டிகளில் அவை பாடியின் அடித்தகட்டிலேயே போல்ட் செய்யப்பட்டிருக்கும். பாறையின் மேல் வண்டி உட்கார்ந்ததும் அந்தக் கைகள் மடங்கி, குழாய் மேல்நோக்கிப் போய்க் கதவின் கீழ் விளிம்பில் முட்டிக்கொள்ளும்; கதவு திறக்காது. அதாவது, எந்தச் சில்லைக் காப்பாற்ற நினைத்தோமோ அதையே அந்த ஸ்டெப் நசுக்கியிருக்கும்.

ஸ்டெப் கீழே தொங்குவது இன்னொரு குறை. தாருக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் தரை இடைவெளி 226 மி.மீ.; வண்டியின் நடுவயிற்றில் கிடைக்கும் உயரத்தை ஸ்டெப்பின் இரண்டு ஓரங்களும் தின்றுவிடுகின்றன. மேடு ஒன்றைக் கடக்கையில் முதலில் இடிப்பது அதுவாகத்தான் இருக்கும். ஆகவே ஸ்லைடர் வாங்காவிட்டாலும், பாறைப் பாதைக்குப் போவதற்கு முன் ஸ்டெப்பைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

கேள்வி (போரூர், ஜிம்னி): உள்ளூர்ப் பட்டறையில் செய்யச் சொல்லலாம் என்றிருக்கிறேன். என்ன குழாய் வாங்க வேண்டும்? கடைக்காரர் ஏ கிளாஸ், பி கிளாஸ் என்று ஏதேதோ கேட்கிறார்.

கடைக்காரர் கேட்பது சுவர்த் தடிமன் பற்றி. தண்ணீர்க் குழாயாக விற்கப்படும் எம்.எஸ். (சாதாரண இரும்பு) குழாயில் ஏ கிளாஸ் மெலிது, பி நடுத்தரம், சி கனம். ஒன்றரை அங்குலம் என்று கேட்டால் கொடுப்பது 40 என்.பி. (உள்விட்டத்தை ஒட்டிய பெயரளவு) குழாய், அதன் வெளிவிட்டம் 48.3 மி.மீ. எந்தக் கிளாஸ் வாங்கினாலும் இந்த வெளிவிட்டம் மாறாது, சுவர் மட்டுமே மாறும்: பி கிளாஸில் 3.2 மி.மீ., சி கிளாஸில் 4 மி.மீ. மீட்டருக்கு முறையே மூன்றரைக் கிலோவும் 4.4 கிலோவும் எடை வரும். ஜிம்னி சுமார் 1,200 கிலோ எடையுள்ள இலகுவான வண்டி என்பதால் கால்களை நெருக்கமாக வைத்தால் பி கிளாஸே தாங்கும். தார், கூர்க்கா, வி-கிராஸ் போன்ற கனமான வண்டிகளுக்குச் சி கிளாஸுக்குக் குறைந்து நான் பரிந்துரைப்பதில்லை.

ஆனால் இந்தக் குழாய்கள் தண்ணீர் கொண்டுபோவதற்காகச் செய்யப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. தகட்டை உருட்டி, மூட்டை மின்சாரத்தில் வெல்டு செய்து விடுகிறார்கள். அதே வெல்டு குழாயை அச்சுத் துளையின் வழியே குளிர்நிலையில் இழுத்தால் சுவர் சீராகி, உறுதியும் கூடும். வெளிநாட்டு ஸ்லைடர் விளம்பரங்களில் டி.ஓ.எம். என்று பெருமையாகப் போடுவது இந்த வகையைத்தான், இங்கே சி.டி.டபிள்யூ. என்று கேட்டால் புரியும். 1955-இல் ஆவடியில் தொடங்கிய டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இதைத் தயாரிப்பதால், சென்னைக்காரர்கள் இதற்காக இறக்குமதிப் பொருளைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. துண்டு நீளத்தில் சில்லறையாகக் கிடைப்பது கொஞ்சம் கடினம், விலையும் கூடுதல், கிடைத்தால் விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். துருப் பிடிக்காது என்று ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) குழாயை வாங்கிக் கொடுத்து வெல்டு செய்யச் சொல்லாதீர்கள். சூட்டில் துத்தநாகப் பூச்சு ஆவியாகி, அந்தப் புகையைச் சுவாசிக்கும் வெல்டருக்குக் குளிர்காய்ச்சல் வரும். வெல்டிலும் நுண்துளைகள் விழும். நம் வண்டிக்காக இன்னொருவர் உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி (திருவான்மியூர், கூர்க்கா): கடற்கரைக்கு அருகில் இருப்பதால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கிறது. அலுமினியமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடலாமா?

உங்கள் கவலை நியாயமானது. இருந்தாலும் என் பதில் இரும்புதான். அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைவதால், அதே விறைப்பைப் பெறக் குழாயைப் பருமனாக்க வேண்டும், அதற்குச் சில்லுக்கு அடியில் இடம் இருக்காது. அத்துடன், உறுதியூட்டப்பட்ட அலுமினியக் கலவைகள் வெல்டு வைத்த இடத்தைச் சுற்றித் தம் பலத்தைக் கணிசமாக இழந்துவிடும். மென்மையான உலோகம் பாறையில் வழுக்காமல் கவ்விக்கொள்ளவும் செய்யும். பல்லாவரத்துக் குன்றுகளிலும் சேர்வராயன் மலையிலும் நாம் பார்க்கும் சார்னோகைட் உதிர்ந்து வழிவிடும் கல்லன்று. அதன் மேல் உரசும்போது சறுக்கிப் போவதுதான் ஸ்லைடரின் வேலை.

கடையில் பளபளவென்று விற்கும் ஸ்டெயின்லெஸ் குழாய்களில் பெரும்பாலானவை அலங்காரத்துக்கான மெல்லிய குழாய்கள். கனமான 304 ரகக் குழாய் கிடைத்தாலும் உப்புக் காற்றில் அதற்கும் புள்ளி புள்ளியாக அரிப்பு வரும்; இரும்புச் சேஸியோடு சேரும் இடத்தில் ஈரம் தங்கினால் இரும்பின் அரிப்பு இன்னும் வேகமாகும்.

எனவே இரும்பையே வாங்கி அதைப் பேணுங்கள். பவுடர் கோட்டிங் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பாறை ஒரு கீறல் போட்டதும் அதன் வழியே ஈரம் உள்ளே போய்ப் பூச்சுக்கு அடியில் துரு பரவும், அது வெளியே தெரிய வெகுநாளாகும். ஸ்லைடர் அடிவாங்கத்தான் போகிறது என்பதால், துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமரும் அதன் மேல் சாதாரணக் கறுப்பு எனாமலும் அடிப்பதை நான் விரும்புகிறேன். கீறல் விழுந்த இடத்தைத் தேய்த்து நீங்களே அரை மணியில் சரிசெய்துவிடலாம். குழாயின் இரண்டு முனைகளையும் மூடி வைத்து முழுச் சுற்றும் வெல்டு வைக்கச் சொல்லுங்கள். கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள்.

கேள்வி (அம்பத்தூர், தார்): நேராகச் சேஸியில் வெல்டு வைத்துவிட்டால் ஆயுசுக்கும் அசையாது என்கிறார் பட்டறை அண்ணன். செய்யலாமா?

வேண்டாம். வெல்டு நன்றாக வந்தால் பலமாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் சேஸித் தகடு சூடாகும்போது வெல்டை ஒட்டிய பகுதியின் தன்மை மாறுகிறது. வண்டி முறுகி முறுகி ஓடும்போது விரிசல் அந்த ஓரத்திலிருந்துதான் கிளம்பும். சேஸியை ஒட்டியே டீசல் குழாயும் பிரேக் குழாயும் வயர் கட்டும் ஓடுகின்றன. வாரன்டியும் கேள்விக்குறியாகிவிடும். பின்னால் ஒரு பக்கம் வளைந்துவிட்டால் கழற்றி நிமிர்த்தவும் வழியில்லை.

போல்ட் முறையில் செய்யும்போது, சேஸியின் வெளிப்பக்கத்தில் குறைந்தது 6 மி.மீ. தகடு உயரவாக்கில் படிய வேண்டும். ஸ்லைடரின் வெளிக்குழாயில் பாறை மேல்நோக்கித் தள்ளும்போது கால் முழுவதும் திருக முயலும்; தகடு உயரமாக இருந்தால்தான் அந்தத் திருகல் சேஸியில் ஒரே இடத்தில் விழாமல் பரவும். ஒரு பக்கத்துக்கு மூன்று கால்களாவது வேண்டும். போல்ட் தலையில் அதன் உறுதியைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்; எண் இல்லாத போல்ட்டை வாங்க வேண்டாம். பெட்டி வடிவச் சேஸியின் குறுக்கே போல்ட் போகிறது என்றால், உள்ளே ஒரு குழாய்த் துண்டை வைத்த பிறகுதான் முறுக்க வேண்டும், இல்லையென்றால் நட்டை இறுக்க இறுக்கப் பெட்டி உள்வாங்கும். புதிதாகத் துளை போடுவதைவிட, நிறுவனம் விட்டிருக்கும் துளைகளையோ யூ போல்ட்டையோ பயன்படுத்துவது நல்லது.

கேள்வி (தாம்பரம், தார் ராக்ஸ்): ஸ்லைடரைச் சில்லோடு ஒட்டி வைப்பதா, இடைவெளி விடுவதா? எந்தக் கோணத்தில்?

இடைவெளி கட்டாயம் வேண்டும். பாடி ரப்பர் புஷ்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஸ்லைடரோ சேஸியோடு சேர்ந்து அசைகிறது. இரண்டும் ஒட்டியிருந்தால் கரடுமுரடான பாதையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே வரும். இரண்டு செ.மீ. அளவுக்கு விடுங்கள்; அதைவிட அதிகம் விட்டால் தரை இடைவெளிதான் வீணாகும்.

வெளிக்குழாய் உட்குழாயைவிடச் சற்று உயரமாக, பத்திலிருந்து இருபது டிகிரி வரை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். அப்போது வண்டி பக்கவாட்டில் சாய்ந்தாலும் பாறை கதவை எட்டாது. உங்கள் ராக்ஸின் சக்கர இடைத்தூரம் 2,850 மி.மீ.; மூன்று கதவுத் தாரில் அது 2,450 மி.மீ. தான். நானூறு மி.மீ. கூடுதல் என்பதால், அதே மேட்டில் உங்கள் வண்டியின் நடுப்பகுதி முதலில் உட்காரும். ஆகவே மூன்று கால் போதும் என்று மேலே சொன்னதை உங்களுக்கு நான்காகக் கொள்ளுங்கள். பின் சக்கரத்துக்கு முன்னால் வெளிக்குழாயைக் கொஞ்சம் அகலமாக வளைத்துவிட்டால், மரத்தையோ பாறையையோ ஒட்டித் திரும்பும்போது பின்பக்கத்தைத் தள்ளி வைக்கும்.

கேள்வி (மயிலாப்பூர், தார்): அம்மாவுக்கு எழுபது வயதாகிறது, புடவையோடு ஏற வேண்டும். ஸ்டெப்பை எடுத்துவிட்டால் அவரால் வண்டியில் ஏறவே முடியாது.

அம்மாவின் வசதிக்கே முதலிடம் கொடுங்கள். இரு குழாய்களுக்கும் நடுவே செக்கர்டு பிளேட் (கால் வழுக்காத புடைப்புத் தகடு) வைத்த ஸ்லைடர் கால் வைக்க உதவும், ஆனால் உயரம் ஸ்டெப் அளவுக்குக் கீழே வராது. ஆகவே வண்டியில் ஓர் அகலமான மடக்கு ஸ்டூலையும், கதவுத் தூணில் கைப்பிடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு ஊருக்குள் ஓட்டுவதே அதிகம் என்றால் ஸ்டெப்பையே வைத்துக்கொண்டு, பாறைப் பயணத்தின்போது மட்டும் கழற்றுங்கள். நான்கைந்து போல்ட்தான்.

கேள்வி (வேளச்சேரி, பழைய டஸ்டர் ஆல் வீல் டிரைவ்): எனக்கும் ஸ்லைடர் போட முடியுமா?

இயலாது. உங்கள் வண்டியில் தனிச் சேஸி இல்லை. சில்லே வண்டியின் முதுகெலும்பு. எடையைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேறு இடம் இல்லாதபோது, எதைப் பொருத்தினாலும் அடி திரும்பச் சில்லுக்கே வரும். இன்ஜினுக்கு அடியில் நல்ல ஸ்கிட் பிளேட் (அடிக்காப்புத் தகடு) போட்டுக்கொண்டு, பாறைப் படிக்கட்டுகளை விட்டுவிட்டு மண் பாதைகளில் நிம்மதியாக ஓட்டுங்கள். அதில் டஸ்டர் உங்களைக் கைவிடாது.

கேள்வி (முடிச்சூர், வி-கிராஸ்): 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வண்டி கதவு மட்டம் வரை நின்றது. ஸ்லைடர் போடும் முன் ஏதாவது பார்க்க வேண்டுமா?

கேட்டது மிகவும் நல்லதாயிற்று. சில் உள்ளே வெற்றிடம். அதன் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகளும் ரப்பர் அடைப்பான்களும் இருக்கும். வெள்ளச் சேறு உள்ளே புகுந்து காய்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், ஒவ்வொரு மழைக்கும் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது தகடு ஏற்கெனவே போயிருக்கும். அடைப்பான்களைக் கழற்றித் தண்ணீர் பாய்ச்சி, கலங்கல் நின்று தெளிந்த நீர் வடியும் வரை கழுவுங்கள். நன்றாக உலர்ந்த பின் உள்ளறைகளுக்கான மெழுகை நீண்ட குழாய் முனையால் அடியுங்கள். சில்லின் அடியை முழுவதும் தகடு போட்டு மூடும் வகை ஸ்லைடர் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி (அடையாறு, ஜிம்னி): போலீஸ் பிடித்தால்? இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பின், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு. எனவே வண்டி நிறுவனமே துணைப்பொருளாக விற்பது கிடைத்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். வெளியில் செய்வதானால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. கிண்டி கத்திப்பாராவிலும் மவுண்ட் ரோட்டிலும் நம் வண்டிக்கு ஓரடி தள்ளி இரண்டு சக்கர வண்டிகள் ஊர்ந்து வரும். ஸ்லைடர் சக்கர விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. முனைகள் உருண்டையாக மூடப்பட்டிருக்க வேண்டும். ஒருவருடைய முழங்கால் அதில் படுவதை நினைத்துப் பார்த்து வடிவமைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கொளத்தூர், தார்): கதவு திறந்தால் தானாக இறங்கும் மின்சாரப் படி எப்படி?

ஊருக்குள் நன்று. பாறையில் அது பாதுகாப்பு தராது.

கேள்வி (பெருங்குடி, ஜிம்னி): ஸ்லைடர் தயாராகிவிட்டது, நாளை மறுநாள் பொருத்துகிறார்கள். பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஸ்லைடருக்கும் சில்லுக்கும் உள்ள இடைவெளியை மூன்று இடங்களில் ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிராலி ஜாக்கை வெளிக்குழாயின் நடுவில் மரக்கட்டையோடு வைத்து, அந்தப் பக்கச் சக்கரங்கள் தரையை விடும் வரை மெல்ல ஏற்றச் சொல்லுங்கள். அந்நேரம் யாரும் அடியில் போகக் கூடாது. குழாய் சற்று மேலெழுவது இயல்பு, ஆனால் எந்த இடத்திலும் சில்லைத் தொடக் கூடாது. வண்டியை இறக்கிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள்: மூன்று அளவுகளும் முன்போலவே இருந்தால் பணத்தைக் கொடுக்கலாம். ஓரிடத்தில் இரண்டு மி.மீ. குறைந்திருந்தாலும் ஏதோ ஒரு கால் வளைந்திருக்கிறது, அல்லது தகடு நகர்ந்திருக்கிறது என்று பொருள். கழற்றிப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். கடைசியாக ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகட்டுக்கு வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். முதல் பயணம் முடிந்து வந்து பார்க்கும்போது கோடு விலகியிருக்கும் நட்டை மட்டும் மீண்டும் முறுக்கினால் போதும்.