அப்பாவின் பான் எண்ணுக்கு இன்னும் வேலை இருக்கிறது

கேள்வி: நான் உதவி பெறும் பள்ளி ஆசிரியை. ஆண்டுச் சம்பளம் 14 லட்சம். 78 வயது அப்பா என்னோடுதான் இருந்தார். சிறுநீரகம் செயலிழந்து வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். 2025 நவம்பர் 11 அன்று காலமாகிவிட்டார். அம்மா முன்பே இல்லை. மருத்துவச் செலவில் பெரும்பகுதி நான் செய்தது, சென்னையில் இருக்கும் தம்பியும் கொஞ்சம் அனுப்பினான். அப்பா பெயரில் செல்லூரில் ஒரு வீடு, மாதம் 12,000 வாடகை. வங்கியில் 15 லட்சம் டெபாசிட், வட்டி ஏழரை சதவீதம், நாமினி நான். படுக்கையில் இருந்ததால், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குத் தரும் 15எச் படிவத்தை இந்த முறை கொடுக்கவில்லை. செப்டம்பர் வரை 5,600 ரூபாய் சொச்சம் டி.டி.எஸ். பிடித்துவிட்டார்கள். வங்கிக்கு இன்னும் தகவல் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி பில்கள் அத்தனையும் வைத்திருக்கிறேன். எனக்கு எவ்வளவு வரி குறையும்? அப்பாவுக்காக நான் ஏதாவது செய்ய வேண்டுமா? – வாசகி, திருமங்கலம்.

பதில்: இரண்டாவதாகக் கேட்டீர்களே, அதுதான் அம்மா முக்கியமான கேள்வி. ஆனால் பில்கள் எப்போதும் முதலில் வந்து நிற்கின்றன. என்னிடம் வருகிறவர்களும் அப்படித்தான், மஞ்சப்பை நிறைய கொண்டுவந்து மேஜையில் கொட்டுவார்கள். பாதி பில் மருந்துக்கடை மெஷினில் வந்த வழுவழுத் தாள். சித்திரை வெயிலில் ஒரு மாதம் இருந்தால் எழுத்து மறைந்து வெறும் தாளாகிவிடும். அதை நகல் எடுக்கச் சொல்வதற்கு முன், அந்தப் பில்லால் பிரயோஜனம் உண்டா என்று நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவேன். உங்களுக்கும் போட்டுவிட்டேன்.

புதிய வரி முறையில் 14 லட்சத்தில் சம்பளக்காரர்களுக்குப் பொதுவாக உள்ள நிலைக்கழிவு 75,000 போக 13,25,000. வரி 78,750, செஸ் சேர்த்து 81,900. பழைய முறைக்குப் போனால்தான் மருத்துவச் செலவுக்கான வரிக் கழிவெல்லாம் கிடைக்கும். காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களான பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 80டி பிரிவில் 50,000. டயாலிசிஸ் செலவுக்கு 80டிடிபி பிரிவில் ஒரு லட்சம். நிலைக்கழிவு 50,000, சேமிப்புக்கு 80சி-யில் ஒன்றரை லட்சம். இத்தனையும் கழித்த பிறகு 10,50,000 மிஞ்சுகிறது, அதற்கு செஸ்ஸோடு வரி 1,32,600. வீட்டுக் கடன் வட்டி என்று முழுசாக 2 லட்சம் உங்களுக்கு இருப்பதாக வைத்துக்கொண்டாலும் 85,800. தொழில் வரி மாதிரி சில்லறைகளைச் சேர்த்தாலும் புதிய முறைதான் உங்களுக்கு லாபம். ஆக, அப்பாவின் பில்களால் உங்கள் வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையப்போவதில்லை. கேட்க வருத்தமாகத்தான் இருக்கும். சம்பளம் 12,75,000-க்குள் இருக்கிற மற்ற வாசகர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம், புதிய முறையில் அவர்களுக்கு வரியே கிடையாது.

தம்பி வாடகை வீட்டில் இருந்து வீட்டு வாடகைப் படிக்காகப் பழைய முறையிலேயே இருக்கிறார் என்றால் கதை வேறு. அவர் கையிலிருந்து போன பணத்துக்கு அவர் கழிவு கேட்கலாம். 80டி-க்கு ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது. ஜிபே, கார்டு, செக் என்று இருக்க வேண்டும். பெற்றோர் உங்களைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இல்லை. 80டிடிபி-யில் அந்த நிபந்தனை உண்டு, முழுமையாகவோ பெரும்பாலுமோ சார்ந்திருந்திருக்க வேண்டும். வாடகையும் வட்டியுமாக ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வந்துகொண்டிருந்தவரைப் பிள்ளையைச் சார்ந்தவர் என்று சொன்னால் அதிகாரி கேள்வி கேட்க இடமிருக்கிறது. ஈமச் சடங்குச் செலவுக்கு எந்தக் கழிவும் இல்லை. பழைய முறை வேண்டுமென்றால் ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும், தாமதமானால் அந்த வாய்ப்பு போய்விடும்.

சரி, அப்பா விஷயத்துக்கு வருவோம். நவம்பர் 11 என்ற தேதியில் ஒரு கோடு போடுங்கள். அதுவரை வந்த வாடகையும் வட்டியும் அப்பாவின் வருமானம், அவருடைய பான் எண்ணில் கணக்குக் காட்ட வேண்டியது. மறுநாளிலிருந்து வருவது உங்களுக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி. நாமினி என்ற முறையில் வங்கி பணத்தை உங்கள் கையில்தான் கொடுக்கும், ஆனால் அதற்காக முழுதும் உங்களுடையது ஆகிவிடாது. உயில் இல்லாவிட்டால் தம்பிக்குப் பாதி உண்டு. வட்டிக்கு வரியும் அப்படியே பிரியும். முழு வட்டியையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

அப்பாவின் பங்கைப் பார்த்தால், வாடகை சுமார் 88,000-இல் முப்பது சதவீதம் பராமரிப்புக் கழிவு போக 62,000. வட்டி சுமார் 69,000. கூட்டினால் 1,31,000 வருகிறது. புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. வருடத்தில் ஏழு மாதம்தானே இருந்தார் என்று அந்த 4 லட்சத்தை யாரும் குறைக்க மாட்டார்கள், முழு வரம்பும் அவருக்கு உண்டு. அப்படியென்றால் ரிட்டர்ன் எதற்கு என்பீர்கள். பிடித்த 5,600 ரூபாயைத் திரும்ப வாங்க அது ஒன்றுதான் வழி.

இதற்கு முதலில் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தாரிடம் போகும். தம்பியின் ஆதாரும் கேட்பார்கள், கையோடு வாங்கி வையுங்கள். சான்றிதழ் வந்ததும் வருமான வரி இணையதளத்தில் உங்கள் சொந்த லாகினில் நுழைந்து, அப்பாவின் சட்டப்படியான பிரதிநிதியாகப் பதிவு கேளுங்கள். இறப்புச் சான்றிதழ், இருவரின் பான், வாரிசுச் சான்றிதழ் போதும். அனுமதி வந்த பிறகு அப்பாவின் ரிட்டர்னை நீங்களே போடலாம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்று பயமுறுத்துவார்கள். இது 2025-26 கணக்கு, 1961-ஆம் வருடச் சட்டப்படிதான் நடக்கும்.

வங்கிக்கு நாளையே போங்கள். தகவல் சொல்லாதவரை வட்டியும் டி.டி.எஸ்.ஸும் அப்பாவின் பான் எண்ணிலேயே ஏறிக்கொண்டிருக்கும். இறப்புச் சான்றிதழைக் கொடுத்து, நவம்பர் 11 வரை தனியாக, அதன்பின் தனியாக வட்டிச் சான்று கேளுங்கள். கவுன்டரில் சும்மா ஒரு தாளை அடித்துக் கொடுப்பார்கள், தேதி பிரித்து இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். கணக்கை மூடுவது அப்புறம். சொத்து கைக்கு வருவதற்கு வரி உண்டா என்று சிலர் கேட்பார்கள். இல்லை, எஸ்டேட் வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: மாமனார் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது அவர் பெயருக்கு வருமான வரி நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘செத்தவருக்கு வந்த கடிதத்துக்கு யார் பதில் சொல்வது, கிடக்கட்டும்’ என்கிறார் என் கணவர். – வாசகி, மேலூர்.

பதில்: இறந்தவர் பெயருக்கு வந்த நோட்டீஸ் செல்லாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் நீங்கள் சொல்லாமல் அவர் இறந்தது துறைக்கு எப்படித் தெரியும்? கிடப்பில் போட்டால் அடுத்தது வாரிசுகள் பெயரில் வரும். 159-ஆம் பிரிவுப்படி மாமனாரின் வரிப் பாக்கிக்கு வாரிசுகள் பொறுப்பு, அதுவும் அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரைதான். மூன்று லட்சம் வந்தது, ஐந்து லட்சம் பாக்கி என்றால் மூன்றோடு நின்றுவிடும். உங்கள் கணவர் சம்பளத்தில் கைவைக்க முடியாது. பாக்கி இருக்கும்போதே அந்தச் சொத்தை விற்றுவிட்டால் மட்டும், விற்ற மதிப்பு வரை சொந்தப் பொறுப்பாகிவிடும். அதனால் அந்தச் சொத்துக்கு அட்வான்ஸ் எதுவும் வாங்கிவிடாதீர்கள். பதிலை இணையதளத்தில் போடுங்கள். இறப்புச் சான்றிதழோடு ஒரு நகலைப் மதுரை பீபிகுளம் வருமான வரி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வையுங்கள்.