டால்பினும் வில்லோ மரமும்: வாசகர் கேள்வி

கேள்வி: கங்கை டால்பின், ஆற்றோரம் வளரும் இந்திய வில்லோ மரம் ஆகிய இரண்டுமே ஆற்றை நம்பி வாழ்பவை என்கிறார்கள். ஆறு சீர்கெட்டால் இவற்றில் எது முதலில் அழியும்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: டால்பின்தான். கங்கையில் 1975இல் ஃபராக்கா தடுப்பணை செயல்படத் தொடங்கியது. இத்தகைய அணைகள் டால்பின் கூட்டங்களைத் துண்டுதுண்டாகப் பிரித்துவிட, கோடையில் நீர் வற்றும்போது அவை ஆற்று வளைவுகளிலும் இரு ஆறுகள் கூடும் இடங்களிலும் உள்ள ஆழமான மடுக்களில் ஒதுங்குகின்றன. மீனவர்கள் வலை விரிப்பதும் அங்கேதான். ஏறத்தாழப் பார்வையே இல்லாமல், தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கொண்டே வழியறியும் இந்த விலங்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும் என்பதால், வலையில் சிக்கினால் மூச்சுத்திணறி இறந்துவிடுகிறது. ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி, அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பதால் இழப்பை ஈடுசெய்வதும் எளிதன்று. 2025இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆற்று டால்பின்கள் 6,327. அவற்றில் மூன்று மட்டும் பியாஸ் ஆற்றில் வாழும் சிந்து டால்பின்கள்.

வில்லோவுக்கும் ஆற்றின் வெள்ளம் தேவை. பஞ்சிழை சூழ்ந்த அதன் விதைகள் காற்றிலும் நீரிலும் பரவினாலும், சில நாள்களே உயிர்ப்புடன் இருப்பதால், ஈரம் காயாத புதுவண்டல் கிடைத்தால்தான் முளைக்கும். ஆனால், ஒடித்து நட்ட கிளையும் வேர்விடும் என்பது டால்பினுக்கு வாய்க்காத வசதி. தவிர, அது ஒரே ஆற்றை நம்பியிருக்கவில்லை. நீலகிரி, பழனி மலைகளின் ஓடைக்கரைகளிலும் அதைக் காணலாம். (கிரிக்கெட் மட்டை செய்யப்படுவது வேறொரு வில்லோ இனத்தில்.)

இவ்விரண்டையும் பற்றி எழுதிய ஒருவர் உண்டு என்பது பலர் கவனிக்காத செய்தி. சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் இந்த வில்லோவை விவரித்த வில்லியம் ராக்ஸ்பர்க், கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் இருந்தபோது 1801இல் கங்கை டால்பினையும் விவரித்தார். எனினும் அதே ஆண்டில் லெபெக் என்பவரும் எழுதியிருந்ததால், டால்பினுக்குப் பெயரிட்டவர் என்ற உரிமை இன்று லெபெக்குக்கே தரப்படுகிறது.

கிளை நட்டுக் கரையை மீட்க நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வில்லோவில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி என்பதால், ஒரே மரத்தின் கிளைகளை வரிசையாக நட்டால் நிழல் கிடைக்கும், விதை கிடைக்காது.