கடைசி இரண்டு குவார்ட்டரில் விழும் கோல்கள்

வணக்கம் அண்ணாச்சி,

எங்கள் பள்ளி கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். 17 வயதுக்குட்பட்டோர் ஹாக்கி அணி, பயிற்சி எல்லாம் செம்மண் மைதானத்தில். போன மாதம் டர்ஃபில் (செயற்கைப் புல்தரையில்) நடந்த போட்டியில் 0-7, 1-6 என்று தோற்றோம். பாதிக்கு மேற்பட்ட கோல்கள் கடைசி இரண்டு குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் இரண்டாம் பாதியில், விழுந்தன. ஆறு கோல் பெனால்டி கார்னரில், அதாவது எங்கள் தவறுக்காக எதிரணிக்குக் கிடைத்த அடியில். ஸ்டாமினா போதவில்லை என்று எல்லாரும் சொல்வதால் தினமும் பத்துச் சுற்று ஓடவிடுகிறேன். 16 பேரைக் கூட்டிப்போனேன், ஆடியது 12 பேர். மூன்று கோல் விழுந்ததும் "மேட்ச் போச்சு சார்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுவிடுகிறார்கள். அடுத்த போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

ஓர் உடற்கல்வி ஆசிரியர்

அன்புள்ள தம்பி,

பத்துச் சுற்று ஓட்டத்தை நிறுத்துங்கள். உங்கள் பையன்களுக்கு மூச்சு வாங்குவதற்கு முன்பே தொடை சோர்ந்துவிடுகிறது.

மண் தரையில் பந்து துள்ளித் துள்ளி, வேகம் செத்து வரும். நின்றவாக்கில் மட்டையைச் செங்குத்தாகப் பிடித்தே நிறுத்திவிடலாம். தண்ணீர் அடித்த டர்ஃபில் அதே பாஸ் தரையோடு ஒட்டிச் சறுக்கிக்கொண்டு வரும். முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, பந்து வருமுன்பே மட்டையின் தலையைத் தரையில் வைத்திருக்க வேண்டும். பழக்கமில்லாத பையன் முதல் 30 நிமிடம் தாக்குப்பிடிப்பான். அப்புறம் தொடை கடுக்கும், உடம்பு தானாக நிமிரும், மட்டை ஓர் அங்குலம் எழும்பும். பந்து அடியில் நழுவும், இல்லாவிட்டால் மட்டையில் பட்டு ஒரு மீட்டர் தெறிக்கும். எதிரணி ஃபார்வர்டுக்கு அந்த ஒரு மீட்டர் போதும்.

பெனால்டி கார்னர்களில் பலவும் இதே கோளாறிலிருந்து வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டமான 'டி'க்குள் டிஃபெண்டரின் காலில் பந்து பட்டுத் தடுக்கப்பட்டால் விசில்தான். ஏன் காலில் படுகிறது? இடது கை பின்தங்கினால் மட்டையின் முகம் வானத்தைப் பார்க்கும். வேகமாக வரும் பந்து அதில் ஏறி உடம்புக்குத் துள்ளும். இடது கை வலது கையைவிட முன்னால் இருந்தால் மட்டை பந்தின் மேல் கவிந்து நிற்கும். வலது கைப்பிடி தளர்வாக இருக்கட்டும். பயத்தில் அதை இறுக்கினால், சுவரில் பட்டதுபோல் பந்து திரும்பிப் போய்விடும்.

சிமெண்ட் தளம் போட்ட கூடைப்பந்து மைதானம் இருந்தால் அதுவே உங்கள் டர்ஃப். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வழுக்கும். சிமெண்ட் மட்டையைத் தேய்த்துவிடும் என்பதால் பழைய மட்டைகளை எடுங்கள். 10 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே இருவர், புஷ் (ஓங்காமல் தள்ளும் பாஸ்) மட்டும். நேர்ப்பக்கம் 20 பந்து, ரிவர்ஸில் (மட்டையைத் திருப்பி இடப்பக்கம்) 20. ரிவர்ஸில் மட்டையைத் தரையோடு படுக்கவைத்து நிறுத்தச் சொல்லுங்கள். மண்ணில் அது சரிப்படாது, அதனால் பலர் முயன்றே இருக்கமாட்டார்கள். நின்ற பந்து அடுத்த பாஸை உடனே அடிக்கிற தூரத்தில் கிடக்க வேண்டும். அதைத் தாண்டினால் கணக்கில் சேராது. பிடிபட்டதும் 15 மீட்டர், புஷ்ஷுக்குப் பதில் ஸ்லாப் (மட்டையைத் தரையோடு வீசி அடிப்பது). பிறகு ஓடிவந்து வாங்குவது. இருபது பந்து முடியும்வரை நிமிர விடாதீர்கள். நீங்கள் தேடும் ஸ்டாமினா அதில் வந்துவிடும்.

நாலு பேரைச் சும்மா உட்காரவைத்ததுதான் எனக்கு வருத்தம். ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஃபார்வர்டுகளை ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நடுக்களத்தில் ஆடும் சென்டர் ஹாஃபையும் ஒவ்வொரு குவார்ட்டரிலும் 3 நிமிடம் வெளியே எடுங்கள். அவன் இல்லாவிட்டால் டீம் விழுந்துவிடும் என்று பயமாக இருக்கும். நாலாவது குவார்ட்டரில் தள்ளாடுகிற நல்ல ஆட்டக்காரனைவிட, களைக்காத காலோடு நிற்கும் சுமாரான பையன் மேல். பெனால்டி கார்னர் கொடுத்தபின் அது முடியும்வரை மாற்ற முடியாது. முந்திக்கொள்ளுங்கள்.

கார்னர் தடுப்பில் கீப்பரோடு ஐந்து பேர். மற்ற ஆறு பேர் நடுக்கோட்டுக்கு அப்பால். எதிரணியின் வாம்-அப்பைக் கவனியுங்கள். டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையால் இழுத்துத் தூக்கி எறிவது) அடிப்பவன் இருக்கிறானா? இல்லையென்றால் ஓங்கி அடிக்கும் ஹிட்தான் வரும். ஹிட்டில் முதல் ஷாட் 460 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது கோல் பலகைக்கு மேல், போனால் கோல் கிடையாது. ஆகவே கீப்பர் பக்கவாட்டில் படுத்துவிடலாம். ஃபிளிக் என்றால் கீப்பர் நிற்க வேண்டும். முகக் கவசம் இல்லாமல் எந்தப் பையனையும் ஷாட்டை நோக்கி ஓடவிடாதீர்கள். இதில் சமரசமே வேண்டாம்.

மூன்று கோலில் முகம் தொங்குகிறது என்கிறீர்கள். 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டி, சென்னை எழும்பூர். இடைவேளையில் மலேசியாவிடம் இந்தியா 1-3. முடிவில் 4-3 என்று வென்றது. கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்ற கார்த்தி செல்வம் அந்த அணியில் இருந்தார். பையன்களுக்கு அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியைப் போட்டுக் காட்டுங்கள். மூன்று கோல் வாங்கியிருந்தும் தலை குனியாமல், அடுத்த பாஸ் யாருக்கு என்று எப்படித் தேடுகிறார்கள் என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம் சிமெண்ட் தளம், ஸ்டாப்பிங் மட்டும். கார்னர் தடுப்பை மூன்றாவது வாரத்துக்கு வையுங்கள். போட்டிக்கு முந்தின நாள் டர்ஃபில் அரைமணி நேரம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் கோல் அடிக்கும் பயிற்சி வேண்டாம், அங்கேயும் பந்தை நிறுத்தட்டும்.