புள்ளியிட ஒருவரும் இல்லாதபோது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்தவள். தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற முதற்பிள்ளை நான்தான். வடிவமைப்புத் துறையில் பட்டம் பெற்றுக் கடந்த வருடம் வீடு திரும்பினேன். கொழும்பில் அறை வாடகை கொடுத்துக்கொண்டு சம்பளமில்லாத பயிற்சியில் இருக்க வசதியில்லாததால், ஹட்டன் நகரிலுள்ள ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். பூப்புனித நீராட்டு விழாப் பதாகை, மரண அறிவித்தல், கோயில் திருவிழா விஞ்ஞாபனம் என்று பகல் முழுவதும் ஓட்டந்தான். பழைய கோப்பைத் திறந்து, பெயரையும் படத்தையும் மாற்றி, அரை மணித்தியாலத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பது முதலாளியின் கணக்கு.

இரவில் போர்ட்ஃபோலியோவுக்காக, அதாவது வேலை தேடும்போது காட்டும் மாதிரிகளின் தொகுப்புக்காக, மடிக்கணினியைத் திறந்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. பிறகு, என்னுடன் படித்தவர்கள் இன்ஸ்டகிராமில் இடும் வேலைகளைப் பார்த்து மனம் நொந்து படுத்துவிடுகிறேன். இறுதி வருடத்தில் லயன் வாழ்க்கையை வைத்து நான் செய்த செயற்றிட்டத்தை விரிவுரையாளர்கள் மிகவும் பாராட்டி, இதுவே உங்கள் அடையாளம், இதையே தொடருங்கள் என்றார்கள். இப்போது அந்த விடயத்தைத் தொடவே எனக்கு விருப்பமில்லை. அம்மாவோ, "கவர்மென்ட் வேலைக்கு அப்ளிகேசன் போடு புள்ள" என்கிறார். அவர் கொழுந்தெடுத்துப் படிக்கவைத்த பட்டத்தை வீணாக்குகிறேனோ என்ற குற்றவுணர்வு என்னை வாட்டுகிறது. என்னிடம் இருந்தது உண்மையான திறமைதானா? அச்சக வேலையை விட்டுவிட்டால் பழைய உற்சாகம் திரும்புமா?

பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி,
ஹட்டன்.

அன்புள்ள தங்கைக்கு,

பாராட்டுப் பெற்ற விடயத்தையே தொட விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன்.

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள், வரைவதில் இயல்பாகவே ஆர்வங்கொண்ட பாலர் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வொன்றை 1973இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினரிடம், படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு, எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழ் வழங்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரங்களின் பின், விளையாட்டு நேரத்தில் வரைகோல்களை மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகளே மற்ற இரு பிரிவினரையும்விடக் குறைந்த நேரம் வரைந்தார்கள். எதிர்பாராமல் கிடைத்த சான்றிதழ் எந்தத் தீங்கும் செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி வரையும், அங்கிருந்து இறுதி வருடச் செயற்றிட்டம் வரையும், நீங்கள் செய்த ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் புள்ளியிட அமர்ந்திருந்தார். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வெளியே செல்ல அதைவிட்டால் வேறு வழி குறைவு. ஆகவே அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் எழுந்து போனதும், எதற்காக வரைகிறோம் என்ற கேள்விக்கு உங்களிடம் உடனடி விடை இல்லாமற் போவது இயற்கையே. அதைத் திறமையின்மை என்று நீங்கள் வாசிக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

லயன் வாழ்க்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையகத்திலிருந்து வரும் கலைஞர் கொழுந்துக் கூடையைத்தான் வரையவேண்டும் என்று வெளியிலுள்ளவர்கள் எதிர்பார்க்கிறார்கள். 2023இல் மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகள் நினைவுகூரப்பட்டபோதும் அந்தக் கூடை எங்கும் தென்பட்டது. அது நம் தாய்மாரின் உழைப்பு என்பதால் மதிப்புக்குரியதே. எனினும் அதை வரையும் கடமை எதுவும் உங்கள் தலையில் இல்லை. மீண்டும் விருப்பம் வந்தால் வரையலாம், வராவிட்டாலும் நீங்கள் மலையகத்தவரே.

தாமாக முனைந்து செயற்படும் மனிதரிடம் மூன்று தேவைகள் நிறைவேறியிருக்கும் என்று எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகிய உளவியலாளர்கள் விளக்கினார்கள்: என் விருப்பப்படி செய்கிறேன், என்னால் இது இயலும், என்னோடு சிலர் இருக்கிறார்கள் என்னும் மூன்று உணர்வுகள். பல்கலைக்கழகத்தில் பிந்திய இரண்டும் கேளாமலே கிடைத்தன. தலைப்பு, காலக்கெடு, பக்கத்து மேசையில் விழித்திருந்த நண்பர்கள், வேலையைச் சுவரில் ஒட்டிவைத்து விமர்சித்த வகுப்பு என எல்லாம் பட்டத்தோடு முடிந்துபோயின. அகத்தூண்டல் எங்கே போயிற்று என்று தேடுவதைக் காட்டிலும், இவற்றைச் சிறிய அளவில் மறுபடி அமைத்துக்கொள்வது எளிது.

ஊக்கம் வந்தபின் தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் தொடங்கியபின்தான் அது வருகிறது. நாள் முழுவதும் திரையைப் பார்த்துக் களைத்த கண்களுக்கு இரவில் மீண்டும் திரையைக் காட்டுவதை நிறுத்துங்கள். அம்மா காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் புறப்பட்ட பின், நீங்கள் பஸ் ஏறும்வரை கிடைக்கும் நேரத்தில், காகிதத்திலும் பென்சிலிலும் மட்டும் வேலை செய்யுங்கள். எதை வரைவது என்றால், நீங்கள் அலுப்போடு குறிப்பிட்ட திருவிழா விஞ்ஞாபனத்தையே சொல்வேன். ஒரே தாளில் நீண்ட வாக்கியங்கள், பூசை நேரங்கள், நாளுக்கொரு உபயகாரர், கண்ணாடி போட்டும் படிக்க முடியாத எழுத்து! கொடியேற்றம் எத்தனை மணிக்கு என்று ஒரு பாட்டி தாமே கண்டுபிடிக்கும்படி அதை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பது, எந்தப் பல்கலைக்கழகத் தலைப்புக்கும் குறையாத சிக்கல். எழுத்தின் பருமன், இடைவெளி, தகவலின் வரிசை என்று நீங்கள் படித்த அனைத்துக்கும் அதில் வேலையுண்டு. நிறத்தை ஒன்றாகக் குறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது, ஏனெனில் எல்லையில்லாத தெரிவுகளே வெற்றுத் திரையின் முன் மனத்தை மரக்கச் செய்கின்றன. உடன் படித்தவர்களுள் நம்பிக்கையான ஓரிருவருக்கு வாரமொருமுறை அரைகுறை வேலையை அனுப்புங்கள், அவர்களுடையதையும் கேளுங்கள். இன்ஸ்டகிராமில் முடிந்தவை மட்டுமே தெரிவதால், அவர்கள் அடித்துத் திருத்தியவற்றை நீங்கள் பார்க்க வாய்ப்பில்லாமற் போகிறது.

அம்மா கேட்பது பாதுகாப்பான மாதச் சம்பளத்தை. அரசாங்க விண்ணப்பத்தை நிரப்புவது உங்கள் கலைக்குச் செய்யும் துரோகமாகாது, நிரப்புங்கள். கூடவே, எவ்வளவு காலம் இத்துறையில் முயல்வீர்கள், மாதம் எவ்வளவு வீட்டுக்குத் தருவீர்கள் என்பதைத் தொகையோடு அவரிடம் சொல்லுங்கள். கடிதம் முழுக்க உங்கள் குற்றவுணர்வுதான் பேசுகிறது. அவர் உங்களைக் குற்றஞ்சாட்டியதாக ஒரு வரிகூட அதில் இல்லை.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்கிறேன்: வரைவதில் மட்டுமன்றி, உணவு, உறக்கம், தோழிகள் எல்லாவற்றிலும் நாட்டம் குறைந்து இரண்டு வாரங்களுக்கு மேலாகிவிட்டதா? ஆமெனில் இந்தப் பதிலோடு நிறுத்தாமல், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

அச்சக வேலையை இப்போது விட வேண்டாம். விட்டால் பகற்பொழுது கிடைக்கும், ஆனால் கையில் காசில்லாத கவலையும் சேர்ந்தே வரும். அதற்குமுன், விஞ்ஞாபனங்களை மட்டும் புதிதாக வடிவமைக்கத் தாருங்கள், குறித்த நாள் தவறாது என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். நன்றாயிருந்தால் அடுத்த கோயில்காரரும் அவரைத்தான் தேடி வருவார் என்பதையும் சொல்லுங்கள். அவர் மறுத்தால், மாலையில் வேறு அச்சகம் ஒன்றை விசாரிக்கத் தொடங்கலாம்.