டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு குறைவா?

கேள்வி: எனக்கு வயது 34. எந்நேரமும் அசதி, முடி கொட்டுகிறது. இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 11.8, அதாவது அதிகம்; டி4 குறைவு. மருத்துவர், 'தைராய்டு குறைவாகச் சுரக்கிறது' என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதிகமாக இருக்கும்போது எதற்கு மாத்திரை? பத்து நாள் சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்த்தேன், 11.2. நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நிறுத்திவிடாதீர்கள். ரிப்போர்ட்டும் சரி, மருத்துவர் சொன்னதும் சரி. குழப்பம் பெயரில்தான் இருக்கிறது.

டி.எஸ்.எச். என்றால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன். அதைச் சுரப்பது தைராய்டு அல்ல. மூளைக்கு அடியில், ஓர் எலும்புக் குழிக்குள் பட்டாணி அளவில் உட்கார்ந்திருக்கும் பிட்யூட்டரி. அடுப்படியில் சமையல் தாமதமானால் கூடத்திலிருந்து குரல் உயருமே, அந்தக் குரல்தான் டி.எஸ்.எச். கழுத்தின் முன்புறம் இருக்கும் தைராய்டு, தான் சுரக்கும் தைராக்சின் ஹார்மோனை (டி4 என்பதும் அதுதான்) போதுமான அளவு அனுப்பவில்லை என்றால் பிட்யூட்டரி சத்தத்தைக் கூட்டும். உங்கள் 11.8 அந்தச் சத்தத்தின் அளவு. சமையல் எவ்வளவு ஆனது என்பதைச் சொல்வது டி4. அது குறைந்திருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எல்லாச் சுரப்பிகளும் பிட்யூட்டரியின் குரலுக்குக் காத்திருப்பதில்லை. கணையம் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தானே பார்த்து இன்சுலினை விடுகிறது. தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும், அரிசிமணி போன்ற நான்கு பாராதைராய்டுகளும் அப்படித்தான். அவற்றின் கவலையெல்லாம் கால்சியம் மட்டுமே. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல இருக்கும் அட்ரினல், கார்ட்டிசால் என்ற ஹார்மோனுக்குப் பிட்யூட்டரி சொல் கேட்கும். பயத்தில் பாய்கிற அட்ரினலினுக்கு நரம்பு சொன்னால் போதும்.

'எனக்குத் தைராய்டு இருக்கிறது' என்று பலரும் சொல்கிறார்கள். எல்லோருக்கும்தான் இருக்கிறது! கூடுதலா, குறைவா என்று சேர்த்துச் சொல்லிப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

பத்து நாள் கணக்குக்கு வருகிறேன். உங்கள் மாத்திரையில் இருப்பதும் தைராக்சின்தான். அது நிதானமான ஹார்மோன். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். மாத்திரை உடலில் ஒரு நிலைக்கு வந்து, பிட்யூட்டரியும் அதை உணர்ந்து குரலைத் தாழ்த்த 6 முதல் 8 வாரம் வேண்டும். பத்தாம் நாள் பரிசோதனை காசுக்குக் கேடு.

அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள்? காலைக் காபியோடு என்றால் குடல் அதை முழுதாக உறிஞ்சாது. எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டுக்கொண்டு, காபிக்கும் இட்லிக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுங்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் எடுப்பவரானால் நான்கு மணி நேரம் தள்ளியே.

வயது 34 என்பதால் இன்னொன்று. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் சிசு தாயின் தைராக்சினைத்தான் நம்பியிருக்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.