தோழியோடு பிரிந்தால் குழந்தைச் செலவு கேட்கலாமா?

கேள்வி: நான் ஒரு பெண். மதுரையில் தோழியும் நானும் இணையராகச் சேர்ந்து வாழ்ந்தோம். மகளை என் பெயரில் தத்தெடுத்தோம். இப்போது பிரிகிறோம். அவர் செலவுக்குக் கொடுத்தாக வேண்டுமா?

சட்டப்படி இல்லை. தத்து உத்தரவில் உங்கள் பெயர் மட்டும் இருப்பதால் பெற்றோர் நீங்கள் ஒருவர்தான். மார்க் ஷீட்டில் இத்தனை வருடம் அவர்தான் கையெழுத்துப் போட்டார் என்றாலும் எடுபடாது. ஒருபால் திருமணத்தையும் அத்தகைய இணையர் சேர்ந்து தத்தெடுப்பதையும் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பாசம் இருவருக்கு, பாரம் ஒருவர் தலையில். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

சரி, பேச்சுவார்த்தை இருக்கும்போதே மாதத் தொகை, பள்ளிக் கட்டணம், மகளைப் பார்க்கும் நாள் எல்லாவற்றையும் வக்கீலை வைத்து முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், 1890-ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டப்படி குழந்தையின் நண்பர் என்ற முறையில் அவரும் தன்னைப் பாதுகாவலராக நியமிக்கக் கேட்டு மனுப் போடலாம். நீதிமன்றம் பார்ப்பது மகளின் நலனை.