ஓட்டு இல்லாதவருக்கும் வரும் கடிதம்

வணக்கம் சார்,

டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். எனக்கு எச்-1பி விசா. கிரீன் கார்டு வரிசையில் பதினோரு வருடம் ஆகிவிட்டது. எங்கள் தொகுதியின் டெக்சாஸ் மாநிலப் பிரதிநிதி வாராவாரம் மின்னஞ்சல் அனுப்புகிறார். மகள் படிக்கும் பள்ளியின் விழாவுக்கு வந்திருந்தார். அங்கே ஒரு தாளில் பெயர் எழுதிக் கொடுத்தேன், அன்று தொடங்கியது. சொத்துவரியைக் குறைத்தோம், பள்ளிகளுக்கு வரலாறு காணாத நிதி கொடுத்தோம், தண்ணீருக்கு வழி செய்தோம் என்று எல்லா வாரமும் வெற்றிச் செய்திதான். ஒருமுறை கிரீன் கார்டு தாமதம் பற்றிப் பதில் எழுதிக் கேட்டேன். 'உங்கள் கருத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி' என்று இரண்டு வரி வந்தது.

எனக்கு இங்கே ஓட்டுக் கிடையாது. என்னிடம் எதற்கு இவர் கணக்குச் சொல்கிறார்? இதைப் படிப்பதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா? என் மனைவி ஊரில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள். இங்கே வேலை அனுமதி வந்துவிட்டது, லைசென்ஸ்தான் இழுத்துக்கொண்டே போகிறது. "இதெல்லாம் குப்பை, நிறுத்தித் தொலைங்க" என்கிறாள். நிறுத்திவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கிரீன் கார்டை முதலில் முடித்துவிடுவோம். அது மத்திய அரசின் விஷயம். மாநிலப் பிரதிநிதியால் அதில் ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியாது. நீங்கள் தட்ட வேண்டிய கதவு வாஷிங்டனுக்குப் போயிருக்கும் உங்கள் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினரின் உள்ளூர் அலுவலகம். குடிமகனாக இல்லாவிட்டாலும், தொகுதியில் வசிப்பவர் என்றால் குடியேற்றத் துறையில் தேங்கிய கோப்பு பற்றி அவர்கள் விசாரித்துச் சொல்வார்கள். இதை உங்கள் பிரதிநிதியின் அலுவலகம் ஒரே வரியில் எழுதியிருக்கலாம். எழுதாதது தப்புதான்.

ஆனால் அந்த அலுவலகம் எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள்தான் கூடும். நடுவில் ஆளுநர் கூப்பிட்டால் சிறப்புக் கூட்டத்தொடர் நடக்கும். கீழவையில் 150 பேர், மேலவையான மாநில செனட்டில் 31 பேர். சம்பளம் மாதம் 600 டாலர். 1975-இல் நிர்ணயித்தது, இன்றும் அதேதான். கூட்டம் நடக்கும் நாட்களுக்குத் தனியாகப் படி உண்டு. ஆக, உங்கள் பிரதிநிதி வக்கீலாகவோ வியாபாரியாகவோ டாக்டராகவோ பிழைத்துக்கொண்டே இந்த வேலையைச் செய்கிறார். உங்களுக்கு வரும் கடிதத்தை அநேகமாக எழுதுவது அவரிடம் இருக்கும் சொற்ப ஊழியர்களில் ஒருவர், கல்லூரி முடித்து இரண்டு வருடம் ஆன ஒரு பிள்ளை. இது தெரிந்தால் அந்த 'நன்றி' பதில் மீது கோபம் கொஞ்சம் குறையும். எனக்குக் குறைந்தது.

இனி உங்கள் பெரிய கேள்வி. ஓட்டில்லாத உங்களிடம் எதற்குக் கணக்கு?

ஏனென்றால் நீங்கள் கணக்கில் இருக்கிறீர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டெக்சாஸில் 2 கோடியே 91 லட்சம் பேர். அதை 150 ஆல் வகுத்தால் ஒரு கீழவைத் தொகுதிக்கு ஏறக்குறைய 1.94 லட்சம் பேர். அந்த 1.94 லட்சத்தில் ஓட்டுப் போடுபவர் மட்டும் இல்லை, குழந்தைகளும் விசாக்காரர்களும் கிரீன் கார்டுக்காரர்களும் இருக்கிறார்கள். நீங்கள், உங்கள் மனைவி, மகள், மூன்று தலை. (செனட் தொகுதியில் 9.4 லட்சம் பேர். இந்த மாநிலத்தின் காங்கிரஸ் தொகுதியிலேயே 7.7 லட்சம் பேர்தான். வாஷிங்டன் போகிறவரைவிட மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் போகும் செனட்டருக்குத் தொகுதி பெரிது. முதன்முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை, வகுத்துப் பார்த்தேன்.)

இதை எதிர்த்து வழக்கே நடந்திருக்கிறது, அதுவும் டெக்சாஸிலிருந்து. ஓட்டுரிமை இல்லாதவர்களையும் சேர்த்து எண்ணி செனட் தொகுதிகளைப் பிரித்ததால் தங்கள் ஓட்டின் எடை குறைகிறது என்று இரண்டு வாக்காளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். எவன்வெல் எதிர் அபட் என்று பெயர். 2016 ஏப்ரலில் எட்டு நீதிபதிகளும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். உறுப்பினர் ஓட்டுப் போட்டவருக்கு மட்டும் அல்ல, தொகுதியில் வசிக்கும் எல்லோருக்கும் பிரதிநிதி என்பது அதன் சாரம். ஒரு மாநிலம் விரும்பினால் வாக்காளரை மட்டும் எண்ணித் தொகுதி பிரிக்கலாமா என்பதற்கு மட்டும் நீதிமன்றம் பதில் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்தக் கதவு முழுக்க மூடவில்லை. இப்போதைக்கு உங்கள் தலையையும் எண்ணித்தான் அவருடைய நாற்காலி நிற்கிறது. கடிதம் வருவது தயவால் இல்லை.

சரி, கடிதம் உண்மை பேசுகிறதா? பெரும்பாலும் பொய் பேசாது. பாதியில் நிறுத்திக்கொள்ளும்.

சொத்துவரியை எடுங்கள். 2025-இல் குடியிருக்கும் வீட்டுக்கான பள்ளி வரி விலக்கை ஒரு லட்சம் டாலரிலிருந்து 1,40,000 ஆக உயர்த்தினார்கள். வீட்டின் மதிப்பில் அந்த அளவுக்குப் பள்ளி வரி கிடையாது. அரசியல் சட்டத் திருத்தம் என்பதால் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அப்புறம் நவம்பர் 4 அன்று வாக்காளர்களும் சரி சொல்ல வேண்டும். சொன்னார்கள். எனவே 'நான் குறைத்தேன்' என்று எழுதுபவர் 'நாங்கள் பல பேர் சேர்ந்து, மக்களும் ஒப்புக்கொண்டு' என்றுதான் எழுதியிருக்க வேண்டும். எவ்வளவு குறைந்தது? உங்கள் பள்ளி மாவட்டத்தின் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) வரி நூறு டாலர் மதிப்புக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகக் கிடைத்த 40,000 டாலர் விலக்கால் வருடத்துக்கு 400 டாலர் மிச்சம். நல்ல தொகைதான். ஆனால் வீட்டின் மதிப்பைப் போடுவது மதிப்பீட்டு மாவட்டம் என்ற தனி உள்ளூர் அமைப்பு. வரி விகிதத்தை வைப்பது கவுண்டி, நகராட்சி, பள்ளி மாவட்டம். இந்த விலக்கோ பள்ளி வரிக்கு மட்டும். மற்ற இடங்களில் ஏறினால் அந்த 400 வந்த வழியே போய்விடும். வாடகைக்கு இருப்பவர் கையில் இதில் நேரடியாக ஒரு சல்லிக்காசு வராது. இதெல்லாம் எந்தக் கடிதத்திலும் இருக்காது.

பள்ளிக்கு 'வரலாறு காணாத நிதி' என்பதும் அப்படித்தான். எச்.பி. 2 (கீழவையில் தொடங்கிய மசோதா என்று பொருள்) ஏறக்குறைய 850 கோடி டாலர். உண்மை. அதில் பெரும்பகுதி ஆசிரியர், ஊழியர் சம்பளம் மாதிரியான குறித்த தலைப்புகளுக்கு. பள்ளி மாவட்டம் தன் விருப்பப்படி செலவழிக்கும் அடிப்படை ஒதுக்கீடு 2019 முதல் மாணவருக்கு 6,160 டாலராகவே நின்றது. அது ஏறியது 55 டாலர். மின்கட்டணமும் பஸ் டீசலும் காப்பீடும் இந்த ஆறு வருடத்தில் எவ்வளவு ஏறின என்பதை எந்தப் பள்ளி நிர்வாகியிடமும் கேட்டுப் பாருங்கள், மனிதர் ஒரு மணி நேரம் பேசுவார்.

அதே கூட்டத்தொடரில்தான் தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் மசோதா, எஸ்.பி. 2 (செனட்டில் தொடங்கியது), நிறைவேறியது. முதல் இரண்டு ஆண்டுக்கு 100 கோடி டாலர். இதை ஒருவர் 'பெற்றோரின் தேர்வுரிமை' என்று எழுதுவார், இன்னொருவர் 'பொதுப்பள்ளியின் பணம் போகிறது' என்று எழுதுவார். எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு, மறைக்கவில்லை. அதைவிட நான் கவனிக்கச் சொல்வது தேதிகளை. 2023 நவம்பரில் இதே கீழவை வவுச்சரை 84-63 என்று வெட்டி எறிந்தது. ஆளும் குடியரசுக் கட்சியிலேயே 21 பேர், பெரும்பாலும் கிராமப்புறத் தொகுதிக்காரர்கள், எதிர்த்து நின்றார்கள். 2024-இல் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல் வந்தது. எதிர்த்தவர்களில் பலரைத் தோற்கடிக்க ஆளுநரே ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தார். 2025 ஏப்ரலில் அதே அவையில் 86-61 என்று வென்றது. கட்சியில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் இரண்டே பேர். உங்கள் பிரதிநிதி அந்த இரண்டு வருடமும் அவையில் இருந்தவர் என்றால், 2023-இல் என்ன எழுதினார், 2025-இல் என்ன எழுதினார் என்று இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அரசியல் பாடப் புத்தகம் தனியாக வேண்டாம்.

'மசோதா தாக்கல் செய்தேன்' என்ற வரி வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். ஒரு கூட்டத்தொடரில் 8,000-க்கும் மேற்பட்ட மசோதாக்கள் வருகின்றன. நிறைவேறுவது 1,200 அளவில். பாக்கி எல்லாம் குழுக்களில் சாகும். கீழவையில் குழுவைத் தாண்டினாலும் காலண்டர்ஸ் கமிட்டி என்று ஒன்று உண்டு, எது எந்த நாள் அவைக்கு வரும் என்று தேதி போடும் குழு. அது ஒரு மசோதாவுக்குத் தேதியே போடாமல் இருந்துவிட்டால் போதும். எதிர்த்து யாரும் ஓட்டுப் போட வேண்டாம், யார் கையிலும் ரத்தக்கறை இருக்காது. தாக்கல் செய்தவரும் ஊருக்கு வந்து 'முயன்றேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். சிலர் இதற்காகவே தாக்கல் செய்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

இன்னொரு யோசனை. பக்கத்துத் தொகுதியில் எதிர்க்கட்சி உறுப்பினர் இருந்தால் அவருடைய கடிதத்தையும் வரவழையுங்கள். 2025 ஆகஸ்டில் நடந்தது நினைவிருக்கும். காங்கிரஸ் தொகுதிகளைத் தங்கள் கட்சிக்கு ஐந்து இடம் கூடக் கிடைக்கும்படி மாற்றி வரைய ஆளுங்கட்சி முனைந்தது. அவை நடக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது நூறு பேர் வேண்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சியினர் மாநிலத்தை விட்டே போய், இரண்டு வாரம் அவையை நடக்கவிடாமல் செய்தார்கள். ஆகஸ்ட் 29 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார், அது வேறு. ஒரு தரப்பின் கடிதத்தில் அவர்கள் வெள்ள நிவாரண வேலை கிடக்கும்போது ஓடிப்போனவர்கள். மறு தரப்பில் அநியாயத்தைத் தடுக்கக் கடைசி ஆயுதத்தை எடுத்தவர்கள். சம்பவம் ஒன்றுதான். இரண்டையும் படித்தால் இரு தரப்பும் சொல்லாமல் விட்டது தானே தெரியும்.

கடிதத்தில் இல்லாததைத் தேட இடமும் உண்டு. சட்டமன்றத்தின் சொந்த இணையதளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் எந்தக் குழு, யார் சாட்சி சொன்னார்கள், எந்தத் தேதியில் நின்றது என்று எல்லாம் வரும். 2007-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, ஒரு மசோதா இறுதியாக நிறைவேறும்போது யார் எந்தப் பக்கம் என்று பெயர் பெயராகப் பதிய வேண்டும். அதற்கு முன் குரல் வாக்கிலேயே பலதும் ஓடிப்போகும்.

குழு விசாரணையில் பேசவும் குடியுரிமை தேவையில்லை. நான் ஒரு தடவை போயிருக்கிறேன். காலை எட்டு மணிக்குப் பெயர் கொடுத்தேன், கூப்பிட்டது இரவு பதினொன்றரைக்கு. பேசக் கிடைத்தது இரண்டு நிமிடம். ஒன்பது பேர் குழுவில் நான்கு பேர்தான் அப்போது இருந்தார்கள், ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் என் பெயர் அந்தச் சாட்சிப் பட்டியலில் இருக்கிறது. மகனிடம் எடுத்துக் காட்டினேன். அவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

இனி உங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நீங்கள் கிரீன் கார்டைப் பற்றி எழுதினீர்கள், அது அவருடைய கையில் இல்லை. உங்கள் மனைவியின் லைசென்ஸ் இருக்கிறதே, அது முழுக்க அவருடைய மன்றத்தின் கையில்தான் இருக்கிறது. வேலை செய்ய அனுமதி தருவது வாஷிங்டன். பிசியோதெரபி செய்ய உரிமம் தருவது மாநில வாரியம், அந்த வாரியத்தைப் படைத்த சட்டம் ஆஸ்டினில் எழுதியது. வெளிநாட்டுப் பட்டத்தை எப்படி மதிப்பிடுவது, எதை விட்டுக்கொடுப்பது என்பதற்கெல்லாம் அடிப்படை அங்கே. 2025-இல் இதே சட்டமன்றம் எச்.பி. 2038 என்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது. வெளிநாட்டில் படித்துத் தொழில் செய்த மருத்துவர்கள், இங்கே வேலை கையில் இருந்தால், சில நிபந்தனைகளோடு தற்காலிக உரிமம் பெற அது வழி செய்தது. காரணமாகச் சொன்னது மருத்துவர் பற்றாக்குறை.

அதனால் இந்த முறை நீங்கள் எழுத வேண்டாம், உங்கள் மனைவி எழுதட்டும். நீளமாக வேண்டாம். ஊரில் எத்தனை வருடம் வேலை பார்த்தார், இங்கே எந்தக் கட்டத்தில் எத்தனை மாதமாக நிற்கிறது, இந்த இரண்டும் போதும். அப்புறம் ஒரு கேள்வி: டாக்டர்களுக்கு எச்.பி. 2038-இல் செய்ததை பிசியோதெரபிஸ்டுகளுக்குச் செய்யும் மசோதாவை நீங்கள் ஆதரிப்பீர்களா, மாட்டீர்களா? 'நன்றி' என்று பதில் வந்தால் அதே கேள்வியைத் திரும்ப அனுப்பட்டும். அடுத்த கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12-இல் தொடங்குகிறது. மசோதா எழுதுகிறவர்கள் அதற்கு வெகு முன்னாலேயே எழுத உட்கார்ந்துவிடுவார்கள்.